கடற்கரையை வகுப்புக்குக் கொண்டு வந்த கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம செட்டிலே இன்ஜினீயர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கோட்டூர்புரத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தொட்டிக் கதைதான். அதைச் சொல்கிறேன்.

1990களில் ஒரு நாள் "கடல் அரிப்பு" பாடம். கரும்பலகையில் வரையறை எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "சார், காசிமேட்டுல எங்க பாட்டி வீட்டுக்கு முன்னாடி மூணு வரிசை வீடு இருந்துச்சாம். இப்ப இல்ல. ஆனா மெரினால மட்டும் ஏன் சார் அவ்வளவு மணல்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றேன். அந்தப் பெண் அந்த வருஷம் முழுக்க வேறு கேள்வியே கேட்கவில்லை. என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இன்றும் உறுத்துவது இதுதான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். நம் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் புயல் வந்து உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலை மறித்தது. தெற்கே சேர்ந்த மணல்தான் நம் மெரினா. ஒரு காலத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்த ஊர் இது! 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயர் வைத்து நடைபாதை போட்டார். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. அலையோ எடுப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் அதற்குள் அவள் பள்ளியை விட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் இதை வாயால் சொல்லக்கூடாது, காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஆற்று மணல் இரண்டு வாளி, ஒரு பலகை, ஒரு செங்கல். மணலை ஒரு பக்கம் சரிவாகப் போட்டு, நடுவில் செங்கல்லைத் துறைமுகமாக வைத்து, பலகையால் தண்ணீரைத் தள்ளினேன். அரை மணி நேரம் தள்ளியும் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது.

ஒரு பையன்தான், "சார், நீங்க நேரா தள்றீங்க. அலை சாய்ஞ்சுல்ல வரணும்?" என்று பலகையை வாங்கிக் கோணலாகப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் செங்கல்லுக்கு ஒரு பக்கம் மணல் மேடு கட்டியது, மறுபக்கம் குழி விழுந்தது. செங்கல்தூளைத் தூவியபோது மணல் போகும் பாதையே சிவப்பாகத் தெரிந்தது. வகுப்பே தொட்டியைச் சுற்றி மொய்த்துவிட்டது. குழி விழுந்த இடத்தில் ஒரு பெண் கூழாங்கற்களை அடுக்கினாள். கல் போட்ட இடம் நின்றது. அதற்கு அடுத்த இடம் கரைந்தது. "சார், கல்லு போட்ட வீடு தப்பிச்சுது. பக்கத்து வீடு போச்சு" என்றாள். நான் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டும் ஏறாதது அந்த ஒரு வாக்கியத்தில் ஏறியது.

புதுச்சேரியில் இதே கதை நிஜமாகவே நடந்தது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் வந்தது, நகரத்துக் கடற்கரை போயிற்று. கல் கொட்டினார்கள், வடக்கே மீனவர் குப்பங்கள் அரித்தன. பின்னாளில் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு இறக்கினார்கள். கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

தொட்டிக்குப் பிறகு நிஜக் கடற்கரை. எமரி என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞர் 1961-ல் சொன்ன முறைக்கு ஒரே உயரமுள்ள இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதும். கம்பில் சென்டிமீட்டர் கோடு போட்டு, ஒன்றைக் கரைப் பக்கமும் மற்றதை இரண்டு மீட்டர் தள்ளிக் கடல் பக்கமும் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கடல் பக்கத்துக் கம்பின் தலையும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்வரை, கரைக் கம்பின் ஓரமாகக் கண்ணை இறக்க வேண்டும். கண் நின்ற இடம் கம்பின் தலைக்கு எவ்வளவு கீழோ, அவ்வளவு தூரம் மணல் சரிந்திருக்கிறது. இப்படியே தண்ணீர் வரை போனால் கடற்கரையின் படம் கிடைத்துவிடும். ஒரு சுவரில் அடையாளம் வைத்துக்கொண்டு, பெசன்ட் நகரில் ஜூலையிலும் டிசம்பரிலும் அளந்தோம். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். கரை என்பது நிலையான கோடு என்ற நினைப்பு அன்றைக்கே போயிற்று.

கரீபியன் தீவுகளில் 1990களின் இறுதியில் யுனெஸ்கோ ஆதரவோடு தொடங்கிய 'சாண்ட்வாட்ச்' திட்டத்திலும் பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் தங்கள் கடற்கரையை அளக்கிறார்கள்.

கோட்டூர்புரத்துக்காரனுக்குக் கடல் எதற்கு என்பீர்கள். நம் வாசலில் ஓடும் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை இதே மணல்தான் கோடையில் அடைக்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் எங்கள் பகுதி வீடுகளுக்குள் புகுந்தபோது, என் பழைய மாணவன் ஒருவன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "சார், முகத்துவாரம் எப்படி இருக்கோ?" என்று கேட்டான். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், அவன் ஆறு போகும் திசையைப் பார்த்தான்.

நண்பர்களே, உங்களில் சிலர் சுவர் கட்டுகிறவர்கள், சிலர் அதற்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள். உங்களிடம் ஒரே வேண்டுகோள். கட்டுவதற்கு முன், "இந்த மணல் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது?" என்று ஒரு தடவை கேளுங்கள். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையை வடக்கே இருப்பவன் மட்டும் கொடுக்கக்கூடாது என்கிறேன். பிள்ளைகளே, மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில் நின்று கடற்கரையைப் படம் எடுங்கள். தேதி போட்டு வையுங்கள். பத்து வருஷத்தில் அது பெரிய ஆவணம்.

ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அந்தக் காசிமேட்டுப் பேத்தி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் அவளுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.