குடை விரிக்க இடம் விடுங்கள்

இறக்குவானையிலிருந்தும் காவத்தையிலிருந்தும் தெஹியோவிட்டையிலிருந்தும் மழையைப் பாராமல் வந்திருக்கும் என் தோட்டத்து உறவுகளே!

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். விடியுமுன் அம்மா பால் வெட்டப் போய்விடுவார். தங்கையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு நான்தான் நடப்பேன். தோட்டத்துக் குறுக்குப் பாதையில் பயமில்லை. அட்டை கடிக்கும், அவ்வளவுதான். தார் ரோட்டில் ஏறியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் வாகனம், மறுபக்கம் கான், நடுவில் எங்களுக்கு ஒரு சாண் அகலம். லொறி வந்தால் அந்தக் காற்றே குடையைப் பிடுங்கும். தங்கையை இழுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கி நிற்பேன். வெள்ளைச் சீருடை முழங்கால் வரை சேறாகும். அதற்கும் பள்ளியில் அடி விழும்.

இன்று அந்த ரோட்டில் என் பேத்தி நடக்கிறாள். வாகனங்கள் பெருகிவிட்டன. அவளுக்கும் அதே ஒரு சாண்தான்!

இந்த இரத்தினபுரி நகரத்துக்கு வருவோம். கொழுந்து எடுத்த கையோடு, கைப்பிள்ளையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண், மருந்துக்கும் மாவுக்கும் இந்த நகருக்குள் நடந்துதான் ஆக வேண்டும். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, கான் மூடியில் ஒரு பலகை உடைந்து கிடக்கிறது. அவள் ரோட்டில் இறங்குகிறாள். அடிபட்டால் "பார்த்து வரக்கூடாதா" என்று அவளையே கேட்கிறோம். வீதியை அப்படி அமைத்தவர்களை அல்லவா கேட்க வேண்டும்?

மாற்ற முடியும், ஐயா. சென்னையில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் வாகனத்துக்கான இடத்தைக் குறைத்து, இருபுறமும் அகன்ற நடைபாதை போட்டு, 2019 நவம்பரில் திறந்தார்கள். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீதி விபத்தில் மாண்டார்கள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இன்று உலகம் மெச்சும் அந்நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

ஆனால் பாண்டி பஜாரை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. நமக்கு ஆண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. குடை பிடித்த இருவர் எதிரெதிரே போக இரண்டு மீற்றராவது வேண்டும். கான் மூடியே நடைபாதையாகட்டும். உடையாத கொங்கிறீட் பலகை போடுங்கள். மஞ்சள் கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். சாரதியின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். பள்ளி வாசலில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது.

மலைநாட்டில் சைக்கிளா என்று கேட்பீர்கள். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர மற்றவர்க்கு எண்ணெய் இல்லை என்றபோது நாம் எதைத் தேடினோம்? துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத்தானே! ஏற்றம் ஒரு சிரமம்தான். ஆனால் ஏற்றம் குறைந்த பாதை ஒன்றை நம் முன்னோர் காலத்திலேயே வெட்டிவிட்டார்கள். களனிவெளி ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கைக்கும் வந்தது. ரயில் செங்குத்தாக ஏறாது. மலையைச் சுற்றி, மெல்லத்தான் ஏறும். 1976இல் அவிசாவளைக்கு இப்பால் அதை மூடினார்கள். பல இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன; அங்கே குடியிருப்பவர்களை எழுப்பச் சொல்லவில்லை. வெறுமனே கிடக்கும் துண்டுகளையாவது பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பாதையாக்குங்கள்.

ஏ-4 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். உள்வீதிகள் மாநகர சபைக்கு. ஒருவர் மற்றவரைக் காட்டினால் நடுவில் நிற்பது நம் பிள்ளை. இரு தரப்பாரையும் கைகூப்பிக் கேட்கிறேன்: வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்துக்கு வாருங்கள். வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு, கையில் குடையோடு வாருங்கள். என் பேத்தி பள்ளிக்குப் போகும் வழியை அவளோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.