வலப்பக்கத்துக் காற்று

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் தனியாக வருகிறவர்கள் இப்போது அபூர்வமில்லை. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிட்டத்தட்ட 3,700 கிலோமீட்டர் ஓடிக் குமரியில் முடிகிறது. அத்தனை தூரம் மிதித்து வந்தவருக்குக் கடைசி நாளில் மிஞ்சுவது திருநெல்வேலியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். பெரிய ஏற்றமில்லாத நான்குவழிச் சாலை. மதியச் சாப்பாட்டுக்குக் குமரி போய்விடலாம் என்று தோன்றும். ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் கணக்கு செல்லாது.

காரணம், ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் மோதி, இடைவெளி கிடைத்த இந்த இடத்தில் நெருக்கியடித்துப் புகுந்து, வேகம் கூடிக் கிழக்குப் பக்கம் வருகிறது. கணவாயை ஒட்டிய முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகளை நட்டிருப்பது இதை நம்பித்தான்.

விடியுமுன் கிளம்புகிறவர் நாங்குநேரி வரை பெரும்பாலும் தப்பித்துவிடுவார். வெயில் ஏற ஏறத் தரை சூடாகும். உயரத்தில் ஓடும் வேகக்காற்று கீழே இறங்கிக் கலக்கும். வள்ளியூர் தாண்டி, மகேந்திரகிரி அடிவாரத்துப் பணகுடியை நெருங்கும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இங்கே சாலை தெற்கே போகிறது, காற்று மேற்கேயிருந்து வருகிறது. முகத்தில் அடிக்காத காற்று வேகத்தைக் குறைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். குறைக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நேர் குறுக்கே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவரை முன்னே போகவிடாமல் தடுக்கும் காற்றின் விசை இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகள் வேறு பாய்மரமாகிக் காற்றை வாங்கும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. காற்று வலப்புறத்திலிருந்து தள்ளுவதால், விழாமலிருக்க அவர் வலப்பக்கமே சாய்ந்து ஓட்டுகிறார். அப்போது ஒரு பஸ் வலப்பக்கமாக முந்துகிறது. சட்டென்று காற்று நின்றுபோகும். சாய்வுக்கு ஊன்றுகோல் இல்லாமல் சைக்கிள் பஸ்ஸை நோக்கியே இழுபடும். பஸ் கடந்த மறுநொடி, நின்ற காற்று மொத்தமாக வந்து இடப்பக்கம், மண் ஓரத்துக்குத் தள்ளும். காதில் காற்று இரையும்போது பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்காது. ஐந்நூறு கிராம் எடை குறைக்கப் பார்த்துப் பார்த்துச் சாமான் வாங்குகிறவர்கள்கூட, இந்தச் சாலைக்குப் பக்கக் கண்ணாடி ஒன்றைப் பூட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

குழுவாகப் போகிறவர்கள் குறுக்குக்காற்றில் சாய்கோடாக அணிவகுத்து, ஒருவர் மறைவில் மற்றவர் ஒதுங்குவார்கள். முன்னே போகிறவர் களைத்தால் இடம் மாற்றிக்கொள்வார்கள். தனிப்பயணிக்கு அந்த வசதியில்லை. கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டியதுதான். கிலோமீட்டர் கல்லைப் பார்ப்பதைவிட மணியைப் பார்ப்பது நல்லது: ஒரு மணி நேரம் மிதி, தண்ணீர் குடி, மறுபடி மிதி.

காவல்கிணற்றில் சாலை பிரிகிறது. நாகர்கோவில் போக மேற்கே திரும்புகிறவர் கணவாயின் வாய்க்குள்ளேயே நுழைகிறார். 30 கிலோமீட்டர் எதிர்காற்றில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும், காற்றில்லாத நாளில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவர் மேல் மோதும் அதே காற்று அவர் நெஞ்சில் மோதுகிறது. நேரே குமரிக்குப் போகிறவருக்கு இன்னும் 25 கிலோமீட்டர் அளவில் அதே வலப்பக்கக் காற்றுதான்.

குமரியில் தொடங்கி வடக்கே போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு அதே காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து, லாரி ஓடும் பக்கமாகவே தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வருவதாகத் திட்டமிட்டால் வடகிழக்குக் காற்று, தெற்கே வருகிறவரின் முதுகுப் பக்கம் சேர்ந்துகொள்ளும். என்ன, அப்போது பையில் ரெயின்கோட் இருக்க வேண்டும்.