முன்வரிசை யாருக்கு?

(மத்திகிரியில் அம்பேத்கர் பிறந்தநாள் பாட்டு நிகழ்ச்சிக்கான ஏற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரசிகர்களைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். வந்து பார்த்தால் ஒரு மணி நேரமாக சோபாவைப் பற்றி விவாதம் நடக்கிறது. ஏப்ரல் 14 அன்று மேடைக்கு முன்னால் எத்தனை சோபா போடுவது, நன்கொடை கொடுத்த லேபர் காண்ட்ராக்டர்களுக்கு எத்தனை, வார்டு பிரமுகர்களுக்கு எத்தனை என்று. நான் எழுதி எடுத்து வந்ததும் ஏறக்குறைய அதே விஷயம்தான். அதனால் தாளை மடித்து வைத்துவிட்டு சோபாவிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. 2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா. அமெரிக்க மெட்டல் குழு. இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் மேடை அது. அதற்கு இரண்டு நாள் முன்பு குர்கானில் வாசித்திருக்க வேண்டும். மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பு உடைந்ததால் அது நின்றுபோனது. பெங்களூரிலும் ரத்தாகிவிடுமோ என்று எங்களுக்கு இரண்டு இரவும் தூக்கமில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. பெங்களூரில் வேலையிலிருந்த சித்தப்பா மகன் தன் சம்பளத்தில் எனக்கும் ஒரு சீட்டு வாங்கியிருந்தான்.

அது நின்றுகொண்டே பார்க்கிற நிகழ்ச்சி. நாற்காலி கிடையாது, எண் கிடையாது. முதலில் வருகிறவருக்குத் தடுப்புக் கம்பி, அடுத்து வருகிறவருக்கு அவருடைய முதுகு. அதனால் மத்திகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து ஓசூர், அங்கிருந்து கர்நாடக பஸ்ஸில் அத்திப்பள்ளி, சில்க் போர்டு, மெஜஸ்டிக். மாலை நிகழ்ச்சிக்குக் காலை எட்டரைக்கே போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் நூறு பேராவது உட்கார்ந்திருந்தார்கள். வடகிழக்கிலிருந்து ரயிலேறி வந்த பையன்கள் அங்கேயே பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் பின்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் பையை வைத்துவிட்டுப் போகலாம். பை உங்களுக்காக நகரும். இடையில் நுழைந்தவனை யாரும் அடிக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து சிரித்தே பின்னுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் பாட்டில் ஒரு கையில் தொடங்கினால் எந்தக் கையில் முடியும் என்று தெரியாது.

பக்கத்தில் நின்றவர் என் ஊர் எது என்று கேட்டார். ஓசூர் பக்கம் என்றேன். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காக வயிற்றைக் கெட்டியாக்கிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஊர் கேட்டவர் அடுத்துத் தெருவைக் கேட்பார், தெருவைச் சொன்னால் அதற்குமேல் கேட்கத் தேவையிருக்காது. அவர் கேட்டது, "எந்த ஆல்பத்துல ஆரம்பிச்சே?" அவ்வளவுதான். எட்டு மணி நேரம் தோளோடு தோள் உரச நின்றோம். கன்னடம், தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் எல்லாம் பேசினோம். அந்தக் கேள்வி வரவே இல்லை.

சாதி ஒழிந்த இடம் அது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சீட்டின் விலை என் அப்பாவின் பல நாள் கூலி. எங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோரை விலையே வாசலுக்கு வெளியில் கழித்துவிட்டது. வரிசையில் நின்றவர்களின் குடும்பப் பெயர்களைக் கேட்டிருந்தால் வேறு கதை தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த வரிசைக்குள் எண் கொடுத்தது வந்த நேரம், பிறப்பு அல்ல. இது சின்ன விஷயமாகத் தெரிகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் ஆயா தெருக்கூத்துப் பைத்தியம். பொழுது சாயும் முன்பே கூத்து நடக்கிற களத்துக்குப் போய்விடும். முதலில் போனாலும் உட்கார்ந்தது கடைசியில், விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில். ஊர்க்காரர்கள் சோறு தின்றுவிட்டுச் சாவகாசமாக வந்து முன்னால் பாய் விரிப்பார்கள். கிணற்றடியிலும் அப்படித்தான். முதலில் குடத்தோடு போன பெண், எல்லோரும் இறைத்து முடித்த பிறகு யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை நிற்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தாலும் உன் இடம் இதுதான் என்று பிறக்கும் முன்பே எழுதி வைத்த வரிசை அது.

பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த செய்தி வந்தது 2024 பிப்ரவரியில். இடையில் நூறு வருடம். இதை வைத்துப் பார்த்தால், யார் வாய் வைத்ததென்று தெரியாத ஒரு தண்ணீர் பாட்டில் எனக்கு ஏன் பதினைந்து வருடமாக நினைவில் நிற்கிறது என்று புரியும்.

இப்போது அந்த வரிசையில் நிற்பவர்களை இந்தச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வருகிறேன். மார்கழியில் மியூசிக் அகாடமி வாசலில் பெரிய வித்வான்களின் கச்சேரிக்குத் தினச்சீட்டு வாங்க விடியும் முன்பே வந்து நிற்கிறார்கள். அதைப் பத்திரிகைகள் ரசனை என்று எழுதுகின்றன, படம் போடுகின்றன. நம் பையன்கள் முதல் காட்சிக்கு நின்றால் தற்குறி. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் லாரியிலிருந்து விழுந்து ஒரு ரசிகர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றன, காலை ஒன்பதுக்குத்தான் முதல் காட்சி என்றானது. அன்று முதல் நம் மத்திகிரிப் பையன்கள் என்ன செய்கிறார்கள்? விடியற்காலை மூன்று மணிக்கு பைக்கில் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத் தியேட்டரில் பார்த்துவிட்டு, ஷிப்டுக்கு நேரத்துக்குத் திரும்பி கார்டு தேய்க்கிறார்கள். எனக்கு அந்த நாயகர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் இல்லை. ஆனால் இதைச் செய்கிறவர்களை ஒழுங்கற்றவர்கள் என்று யாராவது சொன்னால், அந்த ஒழுங்கை என்னால் ஒரு நாள்கூடக் காப்பாற்ற முடியாது என்றுதான் சொல்வேன்.

சென்ற 2025 செப்டம்பர் 27ஆம் தேதியைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. கரூர் வேலுச்சாமிபுரத்தில் 41 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். நண்பகலில் வருவார் என்று சொல்லப்பட்டவர் வந்தது இரவு ஏழு மணிக்கு மேல். யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். நான் பார்ப்பது வேறு. சீக்கிரம் வந்து நல்ல இடம் பிடித்தவர்கள்தான் அதிக நேரம் வெயிலில் நின்றார்கள், இடம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட நகராமல் நின்றார்கள். அடுத்த நாளே வாட்ஸ்அப்பில் வந்தது என்ன? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏன் போனாள் என்று. அதே ஆண்டு ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆர்சிபி வெற்றி விழாவுக்குப் போய் 11 பேர் இறந்தார்கள். உள்ளே சுமார் 35,000 பேருக்குத்தான் இடம். வாசலில் லட்சக்கணக்கில் திரண்டிருந்தார்கள். அனுமதி இலவசமா, பாஸ் வேண்டுமா என்று கடைசிவரை குழப்பம்.

இந்தச் சாவுகளை ஆங்கிலத்தில் ஸ்டாம்பீட் என்கிறார்கள். மாட்டு மந்தை மிரண்டு ஓடுவதற்கான சொல் அது. 1824இலிருந்து கால்நடைப் பண்ணை உள்ள ஊர்க்காரர்கள் நாம், நமக்கு மாட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் நெரிசல் என்கிறோம், அதுதான் சரியான சொல். சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேருக்கு மேல் போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். அதன்பிறகு யாரும் தன் காலால் நகர்வதில்லை. இதில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறார்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னால் தள்ளுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் இப்படித்தான் 97 பேர் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்மீது போலீஸ் பழி போட்டது. ரசிகர்கள் காரணமில்லை, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 வரை ஆனது. இறந்தவர்கள் பெரும்பாலும் லிவர்பூல் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். பழி யார் தலையில் விழும் என்பது எல்லா ஊரிலும் முன்பே தெரிந்த விஷயம்தான்.

சரி, வரிசையே வேண்டாம், எண் போட்ட நாற்காலி போட்டுவிடலாம் என்று இங்கே ஒரு தோழர் சொன்னார். நியாயமான வாதம். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம் அதைத்தான் செய்தது. 1979 டிசம்பர் 3, தி ஹூ குழுவின் நிகழ்ச்சி. சீக்கிரம் வந்து குவிந்தவர்களுக்குச் சில கதவுகளை மட்டும் திறந்தார்கள், 11 பேர் இறந்தார்கள். அந்த மாதமே இருக்கை எண் இல்லாத நிகழ்ச்சிகளை நகரம் தடை செய்தது. 2004இல்தான் தடையை எடுத்தார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் தடையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எண் போட்ட நாற்காலி வந்தால் முதல் எண் யாருக்குப் போகும்? 2023 செப்டம்பர் 10 அன்று ஈசிஆர் பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நடந்தது. தங்கம், பிளாட்டினம், வைரம் என்று சீட்டுகளுக்குப் பெயர் வைத்தார்கள். மனிதரை உலோகமாகவும் கல்லாகவும் பிரிக்கிற யோசனை புதிதல்ல, நமக்குப் பழக்கமானதுதான். கடைசியில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டதாகப் புகார் வந்தது, ரகுமான் வருத்தம் தெரிவித்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. விலைப்படி பிரித்ததால் கூட்டம் பாதுகாப்பாகிவிடவில்லை.

அதே சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் ராக்கும் பாடும் 19 பேர், அயோத்திதாசரின் சொல்லிலிருந்து எடுத்த பெயர், அனுமதி இலவசம். நம் நிகழ்ச்சி அந்த வழியில் வருவது என்றுதானே நோட்டீசில் போட்டிருக்கிறோம்?

இங்கே நான் என்னையே கொஞ்சம் மறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதில் நான் மயங்கிக் கிடந்த காலம் உண்டு. ஓசூர் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஓய்வு நேரம் பற்றித்தான் என் ஆய்வு. அதற்காகப் பெண்கள் விடுதியில் தங்கி செல்போன் பாகங்கள் பொருத்துகிற தோழி ஒருவரிடம் இந்த மெட்டாலிகா கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: காலை எட்டரைக்கு உங்களுக்கு வேலை இல்லையா? அன்று நான் காலேஜ் மாணவன். லீவு போட்டால் ஒரு நாள் சம்பளமும் வருகைப் படியும் போகிறவர்களால் எட்டு மணி நேரம் முன்னால் வந்து நிற்க முடியாது. விடுதிக் கதவு இரவு எட்டுக்கு மூடுகிறவர்களால் நிகழ்ச்சியையே பார்க்க முடியாது. அன்று என் வரிசையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணலாம். அதுவரை நான் எண்ணியதே இல்லை.

அதனால் என் கோரிக்கை சோபாவை எடுங்கள் என்பதோடு முடியவில்லை. முதல் ஷிப்டு மதியம் விட்டு ஆட்கள் குளித்துவிட்டு வர வேண்டும். ஆகவே நான்கு மணிக்கு முன் மைதானத்தில் வரிசை வேண்டாம், முன்பே வருகிறவர்களுக்குச் சீட்டில் எண் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மேடைக்கு முன் இடது பாதி பெண்களுக்கு, அந்தப் பாதிக்குத் தனி வழி. கம்பித் தடுப்பை ஒரே நீளமாகக் கட்டாமல் இடையில் இரண்டு சந்து விடுங்கள், மயங்கியவரைத் தூக்கி வர. தண்ணீர் டிரம் பின்னால் மட்டும் இருந்தால் முன்னால் நிற்பவர் நகர மாட்டார், அதனால் டம்ளரோடு முன்னாலேயே ஆள் நிற்கட்டும். பாடகர் தாமதமானால் மைக்கில் உண்மையைச் சொல்லுங்கள், இதோ வந்துவிட்டார் என்று சொல்லாதீர்கள். விடுதித் தோழிகளுக்காக ஆறு மணிக்கே தொடங்கி ஏழரைக்கு முக்கியமான பாட்டுகளை முடித்துவிடலாம். விடுதி வார்டன்களிடம் எழுதிக் கேட்பதை நானே செய்கிறேன்.

சோபா போடாவிட்டால் நன்கொடை குறையும் என்று பொருளாளர் சொல்கிறார். குறையலாம். அந்த காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிற பையன் முதல் ஷிப்டு முடித்து ஓடிவந்து முன்னால் இடம் பிடித்திருப்பான். ஏழு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவருக்காக அவனை எழுப்பிப் பின்னால் போகச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையை யார் செய்வது என்று தீர்மானித்துவிட்டு சோபாவுக்கு ஆர்டர் கொடுங்கள். நான் செய்ய மாட்டேன்.

ஒரு விதிவிலக்கு மட்டும் கேட்கிறேன். நிகழ்ச்சிக்கு வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். முட்டி வலி, நிற்க முடியாது. அவரைப் போல் நம் தெருவில் நாற்பது பேராவது இருப்பார்கள். மேடைக்கு வலப்பக்கம், மறைக்காத இடமாகப் பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி வாடகைக் கடையில் இன்றே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 14 அன்று ஓசூர் முழுக்க நாற்காலிக்குத் தட்டுப்பாடாக இருக்கும்.