கடையில் நிற்பவரும் கடைக்கு வருபவரும்



ஒரே கடைத்தெருவில் இரண்டு துணிக்கடைகள். சரக்கும் ஒன்றே, விலையும் ஒன்றே. ஆயினும் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரு கடைக்கே செல்கின்றது. காரணம் என்ன? அங்கே சேலை எடுத்துப் போடும் பணியாளர், "அம்மா, இதில் சாயம் நிற்காது; வேறொன்று காட்டுகிறேன்" என்கிறார். அன்றைய விற்பனை சற்றே குறையலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி, அடுத்த திருமணத்திற்கும் அக்குடும்பம் அவரையே தேடி வருகின்றது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை அந்நாட்டு மளிகைக் கடைகளில் பெரும்பாலும் பணியாளரே பொருளை எடுத்துத் தருவர். இவரோ, வாங்குபவரே கூடையேந்திச் சென்று எடுத்துக்கொள்ளும் முறையை அமைத்தார். ஆட்செலவு குறைந்தது. இன்றைய பல்பொருள் அங்காடிகள் அம்முறையின் வழிவந்தவையே. அம்முறையில் வசதி உண்டு. எனினும் பேச்சுத்துணை இல்லை. விலைக்காக மட்டும் வருபவர், வேறிடத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் அங்கே சென்றுவிடுவார். பழகிய முகத்திற்காக வருபவர் எளிதில் செல்லமாட்டார்.

இனியவை கூறலுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆயின், காலை முதல் இரவுவரை கால்கடுக்க நிற்பவரிடம் இன்சொல்லை எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, பணியாளர்க்கு இருக்கை வசதி அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது. முகமலர்ச்சியைச் சட்டத்தால் வரவழைக்க இயலாது. முகம் வாடும் காரணங்களுள் ஒன்றையேனும் அது நீக்கும்.

ஊதியத்தை மிச்சப்படுத்த எண்ணி, அனுபவமுள்ள பணியாளரை அனுப்பிவிட்டுப் புதியவரை அமர்த்தும் உரிமையாளர் உண்டு. எந்தக் குடும்பத்திற்கு எந்த அரிசி ஒத்துவரும், எவர் வீட்டில் முதியவர் இருக்கிறார் என்பனவெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அப்பணியாளரின் நினைவிலேயே உள்ளன. அவர் வெளியேறும்போது வாடிக்கையும் உடன் வெளியேறுகின்றது.

வாங்குபவர்க்கும் கடமை உண்டு. பத்துச் சேலைகளைப் பிரிக்கச் செய்து ஒன்றும் எடுக்காமல் எழுவோர், "சிரமப்படுத்திவிட்டோம்" என்று ஒரு சொல் கூறலாமே! வயதில் மூத்த பணியாளரை ஒருமையில் அழைப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் பெற்றோர் மறத்தல் ஆகாது.

கடை நடத்துவோர் இவ்விழா முடிந்து திரும்பியதும், தம் பணியாளர் அமர ஓர் இருக்கை இருக்கின்றதா எனப் பார்ப்பாராக. பொருள் வாங்கச் செல்வோர் அவர் பெயரைக் கேட்டறிந்து அழைப்பாராக.