படைக்கலப் பணியும் பறிபோன ஊதியமும்

வாங்குவோரும் பலர், விற்போரும் பலர் என்பதே சந்தையின் இலக்கணம். படைக்கலத் தொழிலிலோ பெரும்பாலும் வாங்குவது அரசு ஒன்றே. அரசு வேண்டாமென்றால், அதற்கெனச் செய்த போர்வானூர்தியை எவரிடம் கொண்டுபோய் விற்பது? அங்கே ஒரு கையெழுத்து ஆயிரம் அடுப்புகளை அணைத்துவிடும்.

அமெரிக்க ஒன்றிய நாடுகளில் நடந்ததைக் காணுங்கள். கடற்படைக்கென உருவாகிவந்த ஏ-12 வானூர்தித் திட்டத்தை, 1991 சனவரி 7ஆம் நாள் படைத்துறை அமைச்சர் டிக் செனி கைவிட்டார். செலவு மிகுந்தது, காலம் நீண்டது, ஒரு வானூர்தியும் பறக்கவில்லை. பணியை ஏற்றிருந்த மெக்டொனல் டக்ளசு, செனரல் டைனமிக்சு ஆகிய இரு நிறுவனங்களும் உடனே ஆயிரக்கணக்கான தொழிலாளரை வெளியேற்றின.

100 பேரோ மேலோ உழைக்கும் நிறுவனம், பெருந்திரளாக ஆட்களை நீக்குமுன் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று 1988இலேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதைக் காட்டித் தொழிலாளர் வழக்காடினர். திட்டம் கைவிடப்பட்டது எதிர்பாராதது என்றன நிறுவனங்கள். 1996இலும் 1998இலும் மேல்முறையீட்டு மன்றங்கள் அதையே ஏற்றன. அந்த 60 நாளும் போயிற்று! அதே திட்டத்துக்காக நிறுவனத் தரப்பு அரசுடன் 23 ஆண்டுகள் வழக்காடி, 2014இல்தான் இணக்கங்கண்டது. முதலுக்கு 23 ஆண்டு தாங்கும் வலிவு உண்டு. கூலிக்கு ஒரு திங்கள் தாங்கும் வலிவும் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 1993இல் படைத்துறைத் துணையமைச்சர் வில்லியம் பெரி, ஒரு விருந்தில் நிறுவனத் தலைவர்களிடம், "செலவு சுருங்கும், அனைவரும் நிலைக்க இயலாது" என்னும் பொருள்பட உரைத்தார். இணைப்புகள் பெருகின. 1995இல் லாக்கீடும் மார்ட்டின் மேரியட்டாவும் ஒன்றாயின. 1997இல் மெக்டொனல் டக்ளசைப் போயிங் விழுங்கியது. இணைப்பின்போது ஆலையை மூடுதல், ஆட்களை நீக்குதல் ஆகியவற்றின் செலவையும் அரசு ஒப்பந்தக் கணக்கில் சேர்க்கலாம் என 1993இலேயே இசைவு தரப்பட்டது. அரசுக்கு மிச்சமாகும் தொகை அச்செலவினும் மிகுதி என்பதே சொல்லப்பட்ட கரணியம். நீக்கப்பட்டவன் செலுத்திய வரியும் அவனை நீக்கும் செலவுக்குப் போயிற்று! அவன் இழந்த வீட்டை எந்தக் கணக்கு எழுதிற்று?

1990களில் 51 ஆக இருந்த முதன்மை நிறுவனங்கள் 5 ஆகக் குறுகியதை அப்படைத்துறையே 2022இல் அறிக்கையிட்டது. ஒரு வாயிலில் துரத்தப்பட்டவன் தட்டுதற்கு மறுவாயிலும் அரிதாயிற்று.

எனவே, அவையோரே, ஓர் ஆணையால் வேலை தந்த அரசு மற்றோர் ஆணையால் அதைப் பறிக்குமாயின், உழைப்பவனுக்குரிய ஈட்டுத்தொகையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுக! முதலாளியின் இழப்புக்கு ஏடு வைத்திருக்கும் அரசு, தொழிலாளியின் இழப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக!