ஐப்பசி மேகமும் இரண்டு நாள் அறிக்கையும்



ஐப்பசி பிறந்துவிட்டால் ஐதராபாத்தில் வாழும் தமிழருக்கு வானத்தைப் பற்றிய கவலை இருமடங்காகிறது. ஒரு கண் செகந்தராபாத்தின்மேல் திரளும் மேகத்தை நோக்கும். மற்றொரு கண் சென்னையிலோ நாகையிலோ உள்ள வீட்டின் கூரையை நினைக்கும். வானிலை அறிக்கையை இவ்விரண்டுக்குமாகவே கேட்கிறோம்.

தென்மேற்குப் பருவமழை நாட்டைவிட்டு முற்றும் விலகுவது வழக்கமாக அக்டோபர் 15-ஐ ஒட்டி. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது 20-ஐ ஒட்டி. இப்பருவங்கள் கைமாறும் வாரங்களில் வங்கக்கடல் இன்னும் வெப்பம் தணியாதிருக்கும். அங்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்றென்றால், அது எத்திசையிற் செல்லும் என்பதே கேள்வி. மேற்கே வந்தால் தமிழகம் நனையும். சற்று வடமேற்கே திரும்பினால் ஆந்திரக் கரையைக் கடந்து, மிகுந்த நீராவியோடு தக்காணத்தின்மேல் ஏறும். புயற்சின்னம் கரையைக் கடந்துவிட்டது என்று கேட்டவுடன் பெருமூச்சு விடுவது கடற்கரையில் வளர்ந்த நம்மவர் இயல்பு. கரை கடந்தபின் காற்றின் வேகம் தணியும். மழை தணியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2020 அக்டோபர் 13-ஆம் நாள் காலையில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று காக்கிநாடா அருகே கரையேறியது. ஐதராபாத் அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அன்று மாலை தொடங்கி இரவெல்லாம் இந்நகரில் மழை கொட்டிற்று. புறநகரான கட்கேசர்ப் பகுதியில் மறுநாட் காலைக்குள் 32 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அக்டோபர் மாதம் முழுவதிலும் இங்கே வழக்கமாகப் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்களவே. தெருக்கள் ஆறாயின, பலர் உயிரிழந்தனர், ஹிமாயத் சாகரின் மதகுகள் திறக்கப்பட்டன.

அந்த ஏரியே ஒரு வெள்ளத்தின் விளைவுதான். 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி பொங்கி ஏறத்தாழ 15,000 பேரைக் கொண்டுசென்றது. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் ஒன்றில் ஏறி நூற்றுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர் என்பர். அதன்பின் விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் எழுந்தன. 1908-இல் மூசிக்கரை மக்களுக்கு ஒரு மரம் கிடைத்தது. நமக்கோ முன்கூட்டியே ஓர் அறிக்கை கிடைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிக்கையில் வரும் சொற்கள் அளந்து வைக்கப்பட்டவை. 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரளவு பெய்தால் கனமழை. பதினொன்றரையைத் தாண்டினால் மிகக் கனமழை. இருபதரை அளவை எட்டினால் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் என்று பொருள். எனவே, ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்பதைக் கேட்டு, இடம் சிறிதுதானே என்று அலட்சியம் செய்தல் தகாது. அந்த ஓரிடம் நம் பேட்டையாக இருக்கலாம். மஞ்சள் நிறம் செய்தியைக் கவனித்து வரச் சொல்கிறது. ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்கிறது. சிவப்பு உடனே செயற்படச் சொல்கிறது. இன்னொன்று: ஒரு நாளின் மழை காலை எட்டரை மணியிலிருந்து மறுநாட் காலை எட்டரை வரை கணக்கிடப்படுவது. நள்ளிரவில் தேதி மாறுவதாகக் கொண்டால் குழப்பமே மிஞ்சும்.

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் சென்னை வானிலையை மட்டும் விசாரிக்கின்றனர். 2005-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று நாள் முன்னர், அக்டோபர் 29-இல், ரேப்பள்ளையிலிருந்து செகந்தராபாத் வந்துகொண்டிருந்த டெல்டா பாசஞ்சர் வலிகொண்டா அருகே கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையில் வந்த வெள்ளம் சிறு பாலமொன்றை அடித்துச் சென்றிருந்தது. புறப்படும் ஊரிலும் சேரும் ஊரிலும் வானம் தெளிந்திருந்தாலும், வண்டி கடக்கும் நல்கொண்டா, குண்டூர், நெல்லூர் மாவட்டங்களுக்கு என்ன நிறம் தரப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். மூன்று நாட்களுக்கு முன் கேட்ட அறிக்கை அதற்கு உதவாது. தாழ்வு மண்டலம் இரவோடிரவாகத் திசை திரும்பக்கூடியது. ஆகையால் பயணத்தன்று காலை வெளியாகும் அறிக்கையைக் கேட்டபின் பெட்டியைக் கட்டுங்கள்.