பாலூட்டிகளின் வம்சாவளியும் பாடநூலில் விழுந்த வெட்டும்



சித்தூர் மாவட்டத்துக் கௌண்டின்யா சரணாலயத்தில், 1980களில் தமிழகக் காடுகளிலிருந்து குடிபெயர்ந்த யானைகளின் வழிவந்தவை வாழ்கின்றன. பாக் நீரிணையில் கடற்பசு வாழ்கிறது. கடலில் வாழ்ந்தாலும் கடற்பசுவின் நெருங்கிய உறவு டால்பின் அன்று, யானையே. டால்பினோ நீர்யானைக்கும் பசுவுக்கும் உறவு. உருவ ஒற்றுமையை அல்ல, பொது மூதாதையரையே அடிப்படையாகக் கொண்டு இன்றைய உயிரியல் பாலூட்டிகளை வகைப்படுத்துகிறது. மரபணுக்களும், அழிந்துபோன விலங்குகளின் புதைபடிவங்களும் அதற்குச் சான்று.

இவ்வகைப்பாட்டில் நிரந்தர வேலிகள் இல்லை. 1843இல் மான்செஸ்டரில் பிளாட்டிபஸின் முட்டைகளைக் கண்ட எங்கெல்ஸ், பாலூட்டி முட்டையிடுமா என்று நகைத்தார். அது உண்மையென உறுதிப்பட்டபின், அவ்விலங்கிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததாக 1895இல் கான்ராட் ஷ்மிட்டுக்கு எழுதினார். சான்றுக்குத் தலைவணங்குவதே பொருள்முதல்வாதம்.

திருப்பதி மலையின் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. பாலூட்டிகள் அப்போது தோன்றவே இல்லை. ஆகவே அவற்றின் தொல்லெச்சத்தைத் தேடுவோர் வடக்கே, பிராணஹிதா–கோதாவரிப் படுகையின் இளைய பாறைகளுக்குச் செல்கின்றனர். இன்றைய தெலங்கானாவில் உள்ள அப்பகுதியில் கிடைத்த சிறு பல்லொன்றைக் கொண்டு, இந்தியாவின் முதல் ஜுராசிக் காலப் பாலூட்டியை 1981இல் பி.எம்.தத்தா அறிவித்தார். அதன் பெயர் கோட்டாத்தேரியம் ஹால்டேனி. எங்கெல்சின் 'இயற்கையின் இயக்கவியல்' ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும், 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தவருமான மார்க்சிய உயிரியலாளர் ஜே.பி.எஸ்.ஹால்டேனின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

2017 ஜனவரியில் 104ஆவது இந்திய அறிவியல் காங்கிரஸ் திருப்பதியில், வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் கூடியது. ஓராண்டு கழித்து, குரங்கு மனிதனானதை யாரும் கண்டதில்லை என்று கூறி டார்வினை மறுத்தார் ஒன்றிய இணை அமைச்சர் சத்யபால் சிங். கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்ததற்குக் கண்ணால் கண்ட சாட்சி கேட்பது அறிவியலன்று. பாறையும் பல்லுமே அங்கே சாட்சி.

அதைத் தொடர்ந்து வெட்டு பாடநூலிலேயே விழுந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது பதிலாகாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை அதை ஒருபோதும் படிக்கப்போவதில்லை. உயிர்கள் அனைத்தும் ஒரே மரத்தின் கிளைகள் என்னும் அறிவு, பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்போருக்கு இடையூறானது.

எனவே இது உயிரியல் ஆசிரியரின் கவலை மட்டுமன்று. கிளைக் கூட்டங்களிலும் மாணவர், வாலிபர் அமைப்புகளிலும் பரிணாமம் பாடமாக வேண்டும். பள்ளிப் பாடநூலில் அது மீண்டும் இடம்பெறும்வரை போராட்டம் தொடர வேண்டும்.